மிச்சிகனிலிருந்து அலபாமாவுக்கு: மகளின் சாப்ட்பாலும் கலைந்துபோன கல்லூரிக் கூட்டமைப்புகளும்

கேள்வி: ஏரிக்கரை வாசகர்

மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் பகுதியில் நெடுங்காலமாக வசித்துவரும் குடும்பம் எங்களுடையது. அலபாமாவின் ஹண்ட்ஸ்வில் நகரில் உள்ள கிளைக்கு மாறிச் செல்ல விருப்பமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்லக் கொஞ்சம் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். சம்பளக் கணக்கை நானே போட்டுக்கொள்வேன். நான் கேட்க வந்தது வேறு.

மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள், பேஸ்பாலைப் போன்ற சாப்ட்பால் ஆட்டத்தில் பந்தெறியும் பிட்சர். கல்லூரியிலும் ஆட வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள், அவளுடைய பயிற்சியாளரும் அது நடக்கக்கூடியதே என்கிறார். இங்கே வளரும் பிள்ளைகளுக்குப் பிக் டென் என்னும் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மிச்சிகன் ஸ்டேட், ஒரு மணி நேரத் தொலைவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர், அதற்கு அப்பால் ஒஹாயோ, இண்டியானா, விஸ்கான்சின் என்று காரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய ஊர்கள். அந்தப் பெயருக்குள் இப்போது நியூ ஜெர்சியும் லாஸ் ஏஞ்சலஸும் சியாட்டிலும் வந்துவிட்டன. தெற்கே எஸ்.இ.சி. என்னும் கூட்டமைப்பிலும் டெக்சஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்துவிட்டன. இப்படி எல்லாம் கலைந்து மாறிய பிறகு, ஓர் ஆட்டக்காரி எந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த கல்லூரிக்குப் போகிறாள் என்பது அவளுடைய அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கும்? வடக்கில் வளர்ந்த பெண்ணைப் பதினோராம் வகுப்பில் தெற்கே கொண்டுபோவதால் நன்மை உண்டா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு அலபாமா என்றதும் நினைவுக்கு வருவது கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் ஒடுக்கப்பட்ட 1963ஆம் ஆண்டின் படங்கள்தான். அந்தத் தயக்கத்தை நான் எளிதாக ஒதுக்கிவிட விரும்பவில்லை. இரண்டு பக்கமும் வாழ்ந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: டென்னசி எல்லை

ஐயா, நாங்கள் ஒஹாயோவிலிருந்து வட அலபாமாவுக்கு வந்தவர்கள். விளையாட்டுக் கூட்டமைப்புகளைப் பற்றிப் பிறர் சொல்லட்டும். வீட்டையும் பள்ளியையும் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் மாறுவது ஆண்டின் அட்டவணை. மிச்சிகனில் பெரும்பாலும் தொழிலாளர் தினத்தை ஒட்டித் திறக்கும் பள்ளிகள் இங்கே ஆகஸ்ட் தொடக்கத்திலேயே திறந்துவிடும். ஆகவே வருவதாக இருந்தால் ஜூலைக்குள் வந்து சேர்ந்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலோடு புழுக்கமும் சேர்ந்து வாட்டும், வெளியே போகும் வேலைகளை எல்லாரும் காலையிலேயே முடித்துக்கொள்வார்கள். பனிப்பொழிவு அபூர்வம் என்பதால் மெல்லிய படலமாகப் பெய்தாலும் பள்ளிகளை மூடிவிடுவார்கள். சாலையில் உப்புத் தூவிக் காரின் அடிப்பாகம் துருப்பிடிக்கும் கவலை இல்லை. அதற்குப் பதிலாக மார்ச் மாதத்தில் பைன் மரங்களின் மகரந்தம் மஞ்சள் பொடியாகக் கார்மீதும் திண்ணைமீதும் படிந்து பலருக்கு மூச்சுத் தொல்லையைத் தரும்.

சூறாவளிக் காற்றை மட்டும் அலட்சியம் செய்துவிடாதீர்கள். 2011 ஏப்ரல் 27 அன்று இந்த மாநிலத்தைச் சுழற்காற்றுகள் அடுத்தடுத்துத் தாக்கியபோது மின்கம்பிப் பாதைகள் முறிந்து ஹண்ட்ஸ்வில் பகுதியே பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தது. உங்கள் மிச்சிகன் வீட்டில் நிலவறை இருக்கும். இங்கே பெரும்பாலான வீடுகள் தரைமீது வார்த்த கான்கிரீட் தளத்தின் மேல் கட்டப்பட்டவை. வீடு பார்க்கும்போது புயல் காப்பறை இருக்கிறதா, இல்லையென்றால் அருகில் பொதுக் காப்பிடம் எங்கே என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

தெற்கில் வருமான வரியே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டெக்சஸ், புளோரிடா, டென்னசி ஆகியவற்றில் சம்பளத்துக்கு மாநில வரி இல்லை, அலபாமாவில் உண்டு. இங்கே வீட்டு வரி மிகக் குறைவு, ஆனால் மிச்சிகனில் வரி இல்லாத மளிகைச் சாமான்களுக்கு இங்கே விற்பனை வரி கட்ட வேண்டும்.

மனிதர்களைப் பற்றி: பிள்ளைகள் பெரியவர்களுக்கு "யெஸ் மேம்", "யெஸ் சார்" என்று பதில் சொல்வதை ஆசிரியர்கள் எதிர்பார்ப்பார்கள். புதிதாக வருபவரிடம் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறீர்கள் என்று அண்டை வீட்டார் கேட்பது நட்பின் அடையாளமே. கோயிலுக்குப் போவோம் என்று சொன்னால் மதித்துக் கேட்டுக்கொள்வார்கள் என்பதே எங்கள் அனுபவம். நாஷ்வில் கணேசர் கோயில் இரண்டு மணி நேரத் தொலைவுதான். அதற்கடுத்து எல்லாரும் கேட்கும் கேள்வி, நீங்கள் அலபாமா பல்கலைக்கழகத்தின் பக்கமா, ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் பக்கமா என்பது. மிச்சிகனில் லயன்ஸ், டைகர்ஸ், பிஸ்டன்ஸ், ரெட் விங்ஸ் என்று நான்கு பெரிய தொழில்முறை அணிகள் இருக்கின்றன. இந்த மாநிலத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை. அந்த அன்பு முழுவதும் கல்லூரி அணிகளுக்கே போய்ச் சேர்கிறது. உங்கள் மகள் ஆட்டக்காரி என்பதால் அது அவளுக்கு உற்சாகம் தருவதாகவே இருக்கும்.

மறுமொழி: களத்துப் பார்வை

முதல் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த மாற்றங்களைப் பற்றிப் பேசுபவர்கள் அமெரிக்கக் கால்பந்தை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். அதன் சுமையைத் தாங்குபவர்களோ உங்கள் மகளைப் போன்ற மற்ற விளையாட்டுக்காரர்கள்.

கூட்டமைப்பு என்பது தொடக்கத்தில் தூரத்தை வைத்து உண்டான ஏற்பாடு. 1896இல் பிறந்த பிக் டென், சிகாகோவைச் சுற்றி ரயிலில் சென்றுவரக்கூடிய கல்லூரிகளின் சங்கமாக இருந்தது. தெற்கே, சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பெயரில் 23 கல்லூரிகள் மேரிலாந்து முதல் லூசியானா வரை பரந்து கிடந்தன. அத்தனை தூரம் ஒரே அமைப்புக்குள் அடங்காது என்ற நிலையில்தான் 1932 டிசம்பரில் அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கிலும் தெற்கிலும் இருந்த 13 கல்லூரிகள் பிரிந்து எஸ்.இ.சி.யை அமைத்தன. தூரம் அதிகமென்று அன்று பிரிந்தவர்களின் வழியில் வந்தவர்கள் இன்று தூரத்தைப் பொருட்படுத்தாமல் சேர்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

திருப்பம் 1984இல் வந்தது. எந்தக் கல்லூரியின் கால்பந்து ஆட்டம் எத்தனை முறை தொலைக்காட்சியில் வரலாம் என்பதை அதுவரை என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு தன் கையில் வைத்திருந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு தொடுத்த வழக்கில் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் ஆட்டங்களைத் தானே விற்கும் காலம் வந்தது. விற்கத் தொடங்கியபின், அண்டை ஊர்க் கல்லூரியைவிடப் பெருநகரத்தின் கேபிள் இணைப்புகள் மதிப்புள்ளவையாகத் தெரிந்தன. பிக் டென் 2007இல் தனக்கென்று ஒரு தொலைக்காட்சியையே தொடங்கியது. 2014இல் மேரிலாந்தும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் அதில் சேர்ந்ததற்கு வாஷிங்டன், நியூயார்க் வட்டாரங்களின் சந்தாதாரர்களே பெரிய காரணம். 1953 முதல் ஏ.சி.சி. என்னும் கிழக்குக் கடற்கரைக் கூட்டமைப்பின் தூணாக இருந்த மேரிலாந்து, கரோலினா மாநிலக் கல்லூரிகளுடன் ஆடிவந்த கூடைப்பந்துப் பகையை விட்டுவிட்டு, நெப்ராஸ்காவுடனும் மினசோட்டாவுடனும் ஆடப் போனது. வெளியேறும் முன்பே, பணப் பற்றாக்குறையால் 2012இல் ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த முடிவின் பின்னால் இருந்த நெருக்கடி புரியும்.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் யு.சி.எல்.ஏ.யும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஆரிகனும் வாஷிங்டனும் பின்தொடர, நூறாண்டு கடந்த மேற்குக் கடற்கரைக் கூட்டமைப்பான பேக்-12 சிதறியது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் சேர்ந்தன; ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டு கல்லூரிகளும் ஒரு தவறும் செய்யாமலே தனித்து நின்றன. கிராமப்புறத்தில் இருக்கும் அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் பெரிய தொலைக்காட்சிச் சந்தை இல்லை என்பதைத் தவிர வேறு குறை என்ன இருந்தது?

இப்போது உங்கள் மகளின் இடத்திலிருந்து பாருங்கள். கால்பந்து அணி வாரத்துக்கு ஒரு முறை, வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள் ஆடும். வெளியூருக்குத் தனி விமானத்தில் போய்வரும். சாப்ட்பால் அணியோ பிப்ரவரி முதல் மே வரை 50க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. கூட்டமைப்புக்குள் நடக்கும் ஆட்டங்கள் ஒரே ஊரில் மூன்று ஆட்டங்கள் கொண்ட வாரஇறுதித் தொடர்களாக அமையும். ரட்கர்ஸ் அணி யு.சி.எல்.ஏ.யில் ஆட வேண்டுமென்றால் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர் பறக்க வேண்டும். மூன்று மணி நேரக் கடிகார வித்தியாசத்தோடு ஞாயிறு இரவு திரும்பித் திங்கள் காலை வகுப்பில் உட்கார வேண்டும். எஸ்.இ.சி.யும் பெருத்துவிட்டதுதான், இன்று அதில் 16 கல்லூரிகள். ஆனாலும் அவை இருக்கும் 12 மாநிலங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. மிசௌரி முதல் புளோரிடா வரை இடைவெளி இல்லாமல் வரைபடத்தில் விரலை நகர்த்தலாம். ஆகவே கூட்டமைப்பு இன்னும் பொருட்படுத்தத் தக்கதே என்பது என் முடிவு. ரசிகருக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஆட்டக்காரிக்கோ அவளுடைய உறக்கமும் படிப்பும் அதில் அடங்கியிருக்கின்றன.

நீங்கள் போகவிருக்கும் ஊரே இதற்குச் சான்று. ஹண்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா பல்கலைக்கழகக் கிளையில் ஒரு காலத்தில் முதல்நிலைப் பனிக்கட்டி ஹாக்கி அணி இருந்தது என்றால் நம்புவீர்களா? மிச்சிகனின் வடகோடியில் உள்ள ஹோட்டனுக்கும் அலாஸ்காவுக்கும்கூடப் போய் ஆடிவந்த அணி அது. அது ஆடிவந்த கூட்டமைப்பில் இருந்த ஏழு வடபகுதிக் கல்லூரிகள் தங்களுக்குள் நெருக்கமான ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு விலகியபின், சேர்வதற்கு வேறு கூட்டமைப்பு கிடைக்காமல் 2021இல் அந்த ஹாக்கி அணி நிறுத்தப்பட்டது. வடக்கின் விளையாட்டைத் தெற்கில் ஊன்றி வளர்த்தவர்களின் உழைப்பு அப்படி முடிந்துபோனது.

ஏரிக்கரை வாசகர்

இருவருக்கும் நன்றி. காப்பறை பற்றிய குறிப்பை வீட்டில் படித்துக் காட்டினேன். களத்துப் பார்வை அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வடக்கிலிருந்து வரும் சாப்ட்பால் அணிகள் உண்மையிலேயே பின்தங்கித்தான் இருக்கின்றனவா, அல்லது அது பழைய பேச்சா? மகள் ஆன் ஆர்பரைப் பெரிதும் விரும்புகிறாள். என் மனைவியின் தயக்கத்தைப் பற்றியும் யாராவது எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: களத்துப் பார்வை

பின்தங்கியிருப்பதற்குக் காரணம் திறமை அல்ல, தட்பவெப்பம். பிப்ரவரியில் பருவம் தொடங்கும்போது மிச்சிகன் மைதானங்கள் உறைந்து கிடக்கும். அதனால் வடக்கு அணிகள் முதல் சில வாரங்களைப் புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா என்று பிறர் மைதானங்களிலேயே கழிக்கின்றன. இந்த நிலையிலும் 2005இல் மிச்சிகன் தேசியப் பட்டம் வென்றது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் கல்லூரி அதுதான். எஸ்.இ.சி.க்கு முதல் சாப்ட்பால் பட்டம் 2012இல்தான் வந்தது, அலபாமாவின் மூலமாக. ஆக, வெயில் மட்டும் பட்டம் தந்துவிடுவதில்லை. பேஸ்பாலில் நிலைமை இன்னும் கடினம்; பிக் டென் உறுப்பினராக இருந்த ஓர் அணி தேசியப் பட்டம் வென்று 1966க்குப் பிறகு யாரும் பார்த்ததில்லை.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

தங்கள் துணைவியாரின் தயக்கம் நியாயமானது. 1963 ஜூன் 11 அன்று, கறுப்பின மாணவர்கள் இருவர் சேராதபடி அலபாமா பல்கலைக்கழகக் கட்டடத்தின் வாசலில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் நின்றது வரலாறு. அதை மறந்துவிடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த வரலாற்றில் உங்கள் லான்சிங்குக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

தெற்கின் பெரிய கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத அந்த ஆண்டுகளில், மிச்சிகன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் டஃபி டாஹர்ட்டி அவர்களைத் தெற்கிலிருந்தே தேடி அழைத்துவந்தார். டெக்சஸின் போமாண்ட் நகரிலிருந்து பப்பா ஸ்மித் வந்தார். தென் கரோலினாவிலிருந்து ஜார்ஜ் வெப்ஸ்டர் வந்தார். வட கரோலினாவிலிருந்து வந்த ஜிம்மி ரே, அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆனார். தங்கள் மாநிலத்தில் கிடைக்காத இடத்தை ஈஸ்ட் லான்சிங்கில் பெற்ற அந்த இளைஞர்கள், 1966 நவம்பரில் நோட்டர் டேமுடன் 10-10 என்று சமனில் முடித்த ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. எஸ்.இ.சி. கால்பந்தில் முதல் கறுப்பின வீரராக நேட் நார்த்திங்டன் கென்டக்கிக்காகக் களமிறங்கியது 1967இல்தான். 1970 செப்டம்பரில் தெற்குக் கலிபோர்னியா அணி பர்மிங்காமுக்கு வந்து, கறுப்பின வீரர் சாம் கன்னிங்காமின் ஓட்டத்தால் அலபாமாவை 42-21 என்று வென்றது. அலபாமாவின் முதல் கறுப்பின ஊக்கத்தொகை வீரர் வில்பர் ஜாக்சன் அப்போதே கல்லூரியில் சேர்ந்திருந்தார். முதலாண்டு மாணவர் என்பதால் அன்று ஆட முடியவில்லை.

அதன் விளைவை இன்றைய பட்டியல்களில் காணலாம். 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு கால்பந்துப் பட்டங்களை எஸ்.இ.சி. வென்றதற்குப் பணமும் வெயிலும் காரணம் என்பார்கள். முன்பு வடக்கே போன தெற்கின் பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஆடத் தொடங்கியதே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். கறுப்பினக் குடும்பங்களும் தெற்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. ஒரு காலத்தில் டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் தப்பிச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் அட்லாண்டாவுக்கும் சார்லட்டுக்கும் குடிபெயர்கிறார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பின் மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா ஒவ்வொன்றும் ஒரு நாடாளுமன்ற இடத்தை இழந்தன. டெக்சஸுக்கு இரண்டும் புளோரிடாவுக்கும் வட கரோலினாவுக்கும் ஒவ்வொன்றும் கூடின. வடக்கில் இனப்பாகுபாடு இல்லை என்று டெட்ராய்ட்டைச் சுற்றி வாழ்ந்த எவரும் சொல்ல மாட்டார். துணைவியாரை ஒரு முறை ஹண்ட்ஸ்வில்லுக்கு அழைத்துச் செல்லுங்கள். பள்ளியையும் குடியிருப்பையும் அவர் தம் கண்ணால் பார்த்து முடிவு சொல்லட்டும்.

மறுமொழி: சன் பெல்ட் தந்தை

என் மகளும் கல்லூரியில் சாப்ட்பால் ஆடியவள் என்பதால் நடைமுறையில் பயன்படும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1ஆம் தேதிக்கு முன் முதல்நிலைக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆட்டக்காரியுடன் ஆள்சேர்ப்புப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. நீங்கள் ஜூலையில் இடம் மாறினால் அந்தத் தேதி வரும்போது அவள் அலபாமாவில் இருப்பாள், பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் கோடைக்கால டிராவல் அணி மட்டும் மிச்சிகனில் இருக்கும். புதிய அணியை இப்போதே தேடிவிடுங்கள். கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் பங்கேற்கும் கல்லூரிகளில் சாப்ட்பாலுக்கு 12 ஊக்கத்தொகைகள் என்றிருந்த வரம்பு நீங்கி, அணியில் 25 பேர் வரை என்ற வரம்பு வந்திருக்கிறது. 25 பேருக்கும் பணம் கிடைக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்தக் கல்லூரி எத்தனை பேருக்குத் தருகிறது என்று நேராகவே கேளுங்கள். நாஷ்வில் பக்கத்தில் இருக்கிறதே என்று வாண்டர்பில்ட்டைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அங்கே சாப்ட்பால் அணி இல்லை.

களத்துப் பார்வை அவர்கள் சொன்னதில் ஓரிடத்தில் எனக்கு மாறுபாடு உண்டு. பிக் டென், எஸ்.இ.சி. இரண்டையுமே எடைபோட்டுக்கொண்டிருந்தால் நல்ல வழிகள் கண்ணில் படாமல் போகும். தெற்கின் சன் பெல்ட் கூட்டமைப்பு, மற்றவர்கள் கண்டம் முழுவதும் அலைந்த அதே 2022ஆம் ஆண்டில், தன் எல்லைக்கு அருகில் இருந்த கல்லூரிகளாகப் பார்த்துச் சேர்த்துக்கொண்டது. டிராய், சவுத் அலபாமா, லூசியானாவின் லாஃபயெட் ஆகிய இடங்களில் நல்ல சாப்ட்பால் நடக்கிறது, பல பயணங்கள் பேருந்திலேயே முடிந்துவிடும். வடக்கிலேயே தங்குவதாக இருந்தால் மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பில் மிச்சிகனின் மூன்று கல்லூரிகளும் ஒஹாயோவின் பல கல்லூரிகளும் இருக்கின்றன. என் மகள் தன் வீட்டுப்பாடத்தைப் பேருந்தில் முடித்தாள். பட்டமும் உரிய காலத்தில் பெற்றாள்.

கட்டணத்தையும் பாருங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளிமாநிலத்தவர். நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்குப் படிப்புக்கான ஊக்கத்தொகையைத் தாராளமாகத் தருகிறார்கள். அதே நேரத்தில், நீங்கள் மிச்சிகனை விட்டுப் போய்விட்டால் ஆன் ஆர்பரின் உள்மாநிலக் கட்டணச் சலுகை கைவிட்டுப் போகக்கூடும். அந்த வித்தியாசம் ஆண்டுக்குப் பல பத்தாயிரம் டாலர். அவள் மனம் ஆன் ஆர்பரில்தான் இருக்கிறது என்றால், அலுவலகத்துக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்துவடிவில் வாங்கிக்கொள்ளுங்கள்.